கையில் இருந்த வெண்கட்டி

காலை ஏழு இருபத்தைந்து. பள்ளிக்கூட வாசலைக் கடந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, வேப்பமரத்தடியில் சாய்த்து வைத்திருந்த மூன்று கரும்பலகைகள். வகுப்புகளில் இப்போது தொடுதிரைப் பலகைகள் பூட்டுகிறார்கள். பழையவற்றைக் கழற்றி வெளியே கொண்டுவந்திருந்தார்கள். நடுப்பலகையின் வலது மூலையில், யாரோ ஒரு வகுப்புத் தலைவனின் கோணல் எழுத்தில், "தொகை 34, வந்தோர் 31, வராதோர் 3" என்று இருந்தது. இரவுப் பனி பட்டும் அழியவில்லை.

நான் ஓய்வுபெற்றுச் சில வருடங்களாகின்றன. அன்று போனது கவிதா ரீச்சர் வரச் சொன்னதால். குடியியல் படிப்பிக்கிறவர். நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டாம் முறை வந்திருந்த கடைசி வருடங்களில் ஆசிரியர் ஓய்வறையில் எனக்குப் பக்கத்துக் கதிரை. கதிரைகள் அப்படியே இருந்தன. தேநீரோடு தின்ன வாய்ப்பன் வைக்கும் அலுமினியத் தட்டும் அதே தட்டுத்தான்.

"மூண்டு நிமிசம் சேர். மூண்டே மூண்டு நிமிசத்தை வெட்டி எடுத்து வட்ஸ்அப்பிலை விட்டிட்டினம்" என்றார்.

"அப்பிடி என்ன சொன்னனீங்கள்?"

"பெடியன் ஒருத்தன் கேட்டான், தேர்தலுக்கு முன்னம் தந்த வாக்கெல்லாம் எங்கை ரீச்சர் எண்டு. நான் சொன்னன், நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறன், நீ கண்டால் எனக்கும் சொல்லு எண்டு."

ஓய்வறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வலயக் கல்விப் பணிமனை விளக்கம் கேட்டிருந்தது. அரச அலுவலர் பொது இடத்தில் அரசை விமர்சிக்கக் கூடாது என்பது தாபன விதிக்கோவை. வகுப்பறை பொது இடமா இல்லையா என்று அதில் எங்கும் தெளிவாகச் சொல்லியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

"உங்களுக்கும் ஒருக்கால் உப்பிடி வந்ததாமே. நீங்கள் என்ன எழுதிக் குடுத்தனீங்கள் சேர்?"

"ஒரு வசனம்."

"ஒரு வசனமோ?"

மணி அடித்துவிட்டது. அவருக்கு முதலாம் பாடம் இருந்தது. சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

நான் முதலில் பத்திரிகைக்காரன். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்து, பிறகு செய்தியாளனாகச் சிறிது காலம் இருந்தேன். அங்கே செய்தி ஆசிரியர் ஒருவர் புதிதாக வருகிற எல்லோருக்கும் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: செய்திக்கு ஒரு பக்கம், அபிப்பிராயத்துக்கு ஒரு பக்கம், இரண்டையும் ஒரே பக்கத்தில் கண்டால் கையை முறிப்பேன். ஆசிரிய நியமனம் வந்ததும் வேலையை விட்டேன். ஆசிரியர் கலாசாலையில் படித்தவை எனக்கு அதிகம் நினைவில்லை. நினைவில் நிற்பது பருத்தித்துறைப் பக்கம் கிடைத்த முதல் பள்ளிக்கூடமும் அங்கே கண்ட ஒரு வழக்கமும்.

ஆசிரியர் சொந்தக் கதை கதைக்கப் போனால் கையிலுள்ள வெண்கட்டியை மேசையில் வைத்துவிடுவார். கையில் வெண்கட்டி இருக்கும்வரை அவர் சொல்வது பாடம். கொப்பியில் எழுதலாம், பரீட்சையில் எழுதலாம், வீட்டில் போய்ச் சொல்லலாம். மேசைக்குப் போய்விட்டால் அது அவருடைய கதை. எழுதவும் கூடாது, வெளியே கொண்டுபோகவும் கூடாது. யார் தொடங்கியது என்று எவருக்கும் தெரியாது. நான் போனபோது அது நடைமுறையில் இருந்தது. எவரும் எனக்கு விளங்கப்படுத்தவில்லை. முதல் வாரம் தற்செயலாக வெண்கட்டியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். நாற்பது பேனைகள் மேசையில் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் எல்லோரும் நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ பெரிய விசயம் வரப்போகிறது என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பேனைச் சத்தத்தை இன்றும் என் காது தேடுகிறது.

பல விசயங்களுக்கு வெண்கட்டி மேசைக்குப் போனது. விஞ்ஞான மாஸ்ரர் கிரிக்கெட் ஓட்ட விபரம் சொல்வதற்காக அதை வைப்பார். கணித ரீச்சர், பரீட்சைத் திணைக்களத்தின் விடை பிழை என்று சொல்வதற்காக வைப்பார். சொல்லி முடித்ததும் எடுத்து, அதே பிழையான விடையைக் கரும்பலகையில் எழுதிவிடுவார், புள்ளி வேண்டுமே. போர்க்காலத்தில் காரணங்கள் வேறாயின. ஆயுதம் தூக்கிய இயக்கத்தின் ஆட்சியில் இருந்த வருடங்களில் ஒரு முறை, உயர்தர வகுப்பில் ஒருவன் எழுந்து, "சேர், போறதோ, படிக்கிறதோ?" என்று கேட்டான். எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. அதே வாங்கில் இருந்தவனின் அண்ணன் இயக்கத்தில் இருந்தான். வெண்கட்டியை வைத்துவிட்டு, "படி" என்றேன். அந்த ஒரு சொல் வகுப்பை விட்டு வெளியே போகவில்லை. பின்னர் இராணுவம் வந்தது. மதிலுக்கு அப்பால் காவலரண் வந்தது. கேட்கிற காதுகள் மாறின. வழக்கம் மாறவில்லை. வெண்கட்டிக்குத் தட்டுப்பாடு இருந்த நாட்களில் அரை அங்குலத் துண்டைக்கூட மரியாதையாக மேசையில் வைத்தோம்.

போர் முடிந்து சில வருடங்களின் பின் நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு முதல் தடவை வந்தேன். மருதனார்மடம் சந்தியிலிருந்து சைக்கிளில் வரக்கூடிய தூரம். ஆண்களும் பெண்களும் படிக்கும் பள்ளிக்கூடம். பெரும்பாலும் இணுவில் பக்கத்துத் தோட்டக்காரரின் பிள்ளைகள். வழக்கத்தை நானும் கூடவே கொண்டுவந்தேன். ஒரு தவணைக்குள் வகுப்புகள் பழகிவிட்டன.

பள்ளிக்கூட அதிபர் திருமதி இராசநாயகம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆசிரியரிடம் ஏதும் கேட்க வேண்டுமானால் அலுவலகத்துக்குக் கூப்பிட மாட்டார். "மாஸ்ரர், ஒருக்கா நடப்பமே" என்பார். பள்ளிக்கூடத்தைச் சுற்றி நடக்கும்போது பிள்ளைகள் பூட்டாமல் விட்ட தண்ணீர்ப் பைப்புகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வருவார். பேச்சில் கடினமான இடம் வருகிறது என்றால் அவருடைய கை ஒரு பைப்பில் இருக்கும். பதிலைக் கேட்டுவிட்டு "ஓமோ" என்பார். அந்த "ஓமோ"வுக்கு ஏழெட்டு அர்த்தங்கள் இருப்பதாக ஓய்வறையில் சொல்லிக்கொள்வோம்.

இனி அந்தப் பாடம். தரம் பத்து, வரலாறு, மூன்றாம் பாடவேளை. போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதும், செனரத் மன்னன் அவர்களைக் கிழக்கில் குடியேற்றியதும் புத்தகத்தில் இருக்கின்றன. நான் கரும்பலகையில் மூன்று நிரல்கள் போட்டேன். வெளியேற்றப்பட்டோர், வெளியேற்றியோர், போய்ச் சேர்ந்த இடம். முதல் வரி: முஸ்லிம்கள், போர்த்துக்கேயர், மட்டக்களப்புப் பக்கம். இரண்டாம் வரி: கத்தோலிக்கக் குருமார், ஒல்லாந்தர், கண்டி இராச்சியம்.

யன்னலோரத்தில் றிஸ்னா எழுந்தாள். அந்த வகுப்பில் இருந்த ஒரே முஸ்லிம் பிள்ளை. புத்தளத்தில் பிறந்தவள். தகப்பன் ஊர் திரும்பி, சந்தியில் பான்சிச் சாமான் கடை வைத்திருந்தார்.

"சேர், எங்கட வாப்பாவ யாழ்ப்பாணத்தால போகச் சொன்னது ஆரு? அது புத்தகத்தில எந்தப் பக்கம்?"

குழப்படிக்குக் கேட்ட கேள்வியல்ல. பக்க எண் சொன்னால் திருப்பிப் பார்க்கத் தயாராகப் புத்தகத்தில் விரலை வைத்திருந்தாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் நான் முஸ்லிம்கள் வாழ்ந்த ஐந்து சந்திப் பக்கம் போயிருந்தேன். கடைகள் திறந்தபடி கிடந்தன, ஆட்கள் இல்லை. ஒரு தையல் கடையில், மெசின் ஊசிக்குக் கீழே பாதி தைத்த சேட் ஒன்று இருந்தது. போகச் சொன்னவர்கள் யார், எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அத்தனை பேருக்கும் தெரியும். எவரும் அபிப்பிராயம் சொல்ல வேண்டிய விசயமல்ல அது. நடந்தது.

மூன்றாம் வரியைத் தொடங்கினேன். "யாழ்ப்பாண முஸ்லிம்கள்" என்று எழுதினேன்.

பின் வாங்கிலிருந்து நிரோஷன், "சேர், சோக்!" என்றான்.

அவன் எனக்கு உதவி செய்தான். வெண்கட்டியை மேசையில் வைக்க நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தான். வகுப்பு முழுவதும் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் என் கையைப் பார்த்தது.

"தெரியும், எழுது" என்றேன்.

இரண்டாம் நிரலில் "இயக்கம்" என்றும் மூன்றாவதில் "புத்தளம்" என்றும் எழுதினேன். பிறகு றிஸ்னாவிடம், "புத்தகத்திலை இல்லை. கொப்பியிலை இருக்கட்டும்" என்றேன். முப்பத்திச் சொச்சம் பேனைகள் எழுதின. றிஸ்னா கடைசியாக எழுதி முடித்தாள்.

அடுத்த நாள் இடைவேளையில் சிவநேசன் வந்தார். பழைய மாணவர் சங்கச் செயலாளர், நல்ல மனிதர், பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகைக்கு ஓடித்திரிந்து தகரம் சேர்த்தவர். அவருடைய மகள் யாழினி அந்த வகுப்பில் முன் வாங்கு. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றாமலே கதைத்தார்.

"மாஸ்ரர், நீங்கள் பொய் எழுதினீங்கள் எண்டு நான் சொல்ல வரேல்லை."

"அப்ப?"

"உதை எழுத உங்கடை கை எப்பிடி வந்தது எண்டுதான் கேக்க வந்தனான். என்ரை தம்பியின்ரை படம் விறாந்தையிலை இருக்கு. அதுக்குக் கீழை இருந்துதான் என்ரை பிள்ளை படிக்கிறவள்."

"தம்பி எப்ப இயக்கத்துக்குப் போனவர்?"

"தொண்ணூற்றி நாலு."

"அப்ப அவர் இதிலை இல்லை, அண்ணை."

"ஆர் மாஸ்ரர் உதைப் பிரிச்சுப் பாக்கப்போறான்? நீங்கள் ஒரு சொல்லை எழுதினீங்கள். அதுக்குள்ளை என்ரை தம்பியும் நிக்கிறான்."

அவர் கேட்டது ஒன்றுதான். நான் வகுப்புக்குப் போய், அந்த வரி பாடம் இல்லை, என்னுடைய சொந்த அபிப்பிராயம் என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் அதை வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வலயப் பணிமனைக்குப் போவேன் என்றார். நான் சொல்லவில்லை. போனார்.

விசாரணைக்கு வந்தவர் ஒரு பிரதிக் கல்விப் பணிப்பாளர். கழுத்துப்பட்டி கட்டி, வியர்த்துக்கொண்டு இருந்தார். அதிபரின் அறையில் நாங்கள் மூவர். என் பாடக்குறிப்பைப் புரட்டினார், பாடத்திட்டத்தைக் கேட்டார், ஆசிரியர் கைந்நூலைக் கேட்டார். எல்லாவற்றையும் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விளிம்புகளைச் சரி பார்த்தார். பிறகுதான் கதைத்தார்.

"மாஸ்ரர், இயக்கம் எண்ட சொல்லே எங்களுக்கு வகுப்பிலை வேண்டாம். நல்லாச் சொன்னாலும் ஆரும் வந்து கேப்பான், கூடாமச் சொன்னாலும் ஆரும் வந்து கேப்பான். ரெண்டு பக்கத்தாலையும் போன் வரும். எனக்கு இன்னும் ஒன்பது மாசம் இருக்கு பென்சனுக்கு."

"பிள்ளை கேட்டது, சேர். நான் என்ன சொல்லுறது?"

"பாடத்திட்டத்திலை இல்லை எண்டு சொல்லியிருக்கலாம்."

"அவவின்ரை தகப்பன் பாடத்திட்டத்திலை இல்லை எண்டோ?"

அவர் கோபிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்போதுதான் அதிபர் வாயைத் திறந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது என்று தொடங்கி, வெண்கட்டியின் கதையைப் பணிப்பாளருக்கு நிதானமாக விளங்கப்படுத்தினார். நான் ஆச்சரியப்பட்டேன். அதிபருக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியாது.

பணிப்பாளர் சிரித்தார். "சோக்கை வைச்சால் என்ன, வைக்காட்டில் என்ன, வாய் ஒண்டுதானே?"

"வாய் ஒண்டுதான் சேர். ஆனால் பிள்ளையளுக்கு வித்தியாசம் தெரியும்" என்றார் அதிபர். "மாஸ்ரர் நாளைக்கு வகுப்பிலை, அண்டைக்கு நான் சோக்கை வைச்சிட்டுத்தான் சொன்னனான், நீங்கள் கவனிக்கேல்லை எண்டு சொன்னால் காணும். அந்த வரி பாடத்தாலை போயிடும். ஒருத்தரும் மன்னிப்புக் கேக்கத் தேவையில்லை."

பணிப்பாளருக்கு அது பிடித்துக்கொண்டது. விளக்கத்தையும் அதே மாதிரி எழுதித் தந்தால் கோவையை மூடிவிடலாம் என்றார். எழுந்து போகும்போது, வாசலில் நின்று, வேறு யாருடைய விசயமோ சொல்வதுபோல, "நெடுந்தீவிலை வரலாற்றுக்கு வெற்றிடம் ஒண்டு கனகாலமாக் கிடக்கு" என்றார்.

அவர் போனதும், "மாஸ்ரர், ஒருக்கா நடப்பமே" என்றார் அதிபர்.

நடந்தோம். அப்போது என் அம்மா படுக்கையில். பகலில் அக்கா பார்த்துக்கொள்வார், பின்னேரம் இரண்டரைக்கு நான் வீட்டில் நிற்க வேண்டும். அதிபருக்கு அது தெரியும். நெடுந்தீவு என்றால் படகில் போய், கிழமை நாட்கள் அங்கேயே தங்க வேண்டும்.

"நான் செய்தியை எடுத்து அபிப்பிராயப் பக்கத்திலை போடவேணும் எண்டு சொல்லுறியள், ரீச்சர்."

"நான் அம்மாவை யோசிச்சுச் சொல்லுறன்."

"றிஸ்னா அங்கை இருப்பாள். தகப்பனைக் கலைச்சது என்ரை அபிப்பிராயம் எண்டு அவவுக்கு முன்னாலை நிண்டு சொல்லவேணும்."

ஒன்பதாம் வகுப்புக்குப் பின்னால் உள்ள பைப் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பூட்டினார். முழுதாகப் பூட்டுப்படவில்லை; வாசர் தேய்ந்திருந்தது. இன்னும் ஒரு முறை திருகினார்.

"ஓமோ" என்றார்.

அந்த "ஓமோ" எந்த வகை என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் தரம் பத்துக்கு நான் எதையும் தீர்மானிக்காமல்தான் போனேன். வகுப்பு எழுந்து வணக்கம் சொன்னது. யாழினி முன் வாங்கில், கொப்பியைத் திறந்து வைத்து, குனிந்தபடி இருந்தாள். றிஸ்னா யன்னலோரம். பின்னால் நிரோஷன். எல்லோருக்கும் விசயம் தெரிந்திருந்தது. வெளியே விறாந்தையில் அதிபரின் செருப்புச் சத்தம் வந்து, யன்னலுக்கு அருகில் நின்றது.

வெண்கட்டிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். பிறகு கேட்டேன்.

"அண்டைக்கு அந்த மூண்டாவது வரியை எழுதேக்கை சோக் எங்கை இருந்தது?"

பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது. என்ன பதில் சொன்னால் என்ன நடக்கும் என்று பெரியவர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மேசையில் இருந்தது என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும். நிரோஷன் வாயைத் திறந்து, மூடினான். எனக்காக அவன் பொய் சொல்ல ஆயத்தமாக இருந்தான் என்று நினைக்கிறேன்.

யாழினி எழுந்தாள். கண் கொப்பியில்தான் இருந்தது.

"கையிலை இருந்தது, சேர்."

"நல்லாப் பாத்தனீங்களோ?"

"ஓம் சேர். நீங்கள் எழுதிக்கொண்டெல்லே நிண்டனீங்கள்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் சிலர். வகுப்பு மூச்சு விட்டது. யாழினிக்குக் காது சிவந்துவிட்டது, இருந்துகொண்டாள்.

"ஓம், கையிலைதான் இருந்தது" என்றேன். "கொப்பியை மற்றப் பக்கம் புரட்டுங்கோ. ஒல்லாந்தரின்ரை காணிப் பதிவு."

கொப்பிகள் புரண்டன. றிஸ்னா மட்டும் புரட்டவில்லை. அந்த அட்டவணையின் அடியில் அடிமட்டத்தை வைத்து, சிவப்புப் பேனையால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். வரலாற்றுக் கொப்பியில் ஒரு பகுதி முடிந்தால் அப்படி இரட்டைக் கோடு இழுக்கச் சொல்லி நான்தான் பழக்கியிருந்தேன். விறாந்தையில் செருப்புச் சத்தம் திரும்ப எழுந்து, ஒன்பதாம் வகுப்புப் பக்கம் போனது.

பாடம் முடிந்து அலுவலகத்துக்குப் போனேன். அதிபர் ஒரு வெள்ளைத் தாளும் பேனையும் எடுத்து வைத்திருந்தார். நான் நின்றபடியே எழுதினேன்: "மாணவியின் கேள்விக்கு விடை எழுதியபோது வெண்கட்டி என் கையில் இருந்தது." கையொப்பம் வைத்தேன். அவர் வாசித்தார். "ஒரு வசனம் காணுமோ?" என்று கேட்டார். போதும் என்றேன். இறப்பர் முத்திரையை ஊதி, என் கையொப்பத்தின் மேல் படாமல், பக்கத்தில் குத்தினார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை, குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்கு நின்றவர்களில் நானும் ஒருவன்.